மிக்ஸி என்று நான் சொன்ன பெட்டி

மேலதிக வாக்குமூலம். நான் தமிழில் பேச விரும்புவதாகச் சொன்னதன்பேரில் தமிழ் தெரிந்த பெண் கான்ஸ்டபிள் சுபாஜினி எழுதிக்கொள்கிறார்.

பெயர் சவரிமுத்து வின்சன்ட். வயது ஐம்பத்திரண்டு. மதம் கத்தோலிக்கம். வசிப்பது கண்டி, மஹய்யாவ. அடையாள அட்டை காட்டப்பட்டது. தொழில், பிலிமத்தலாவையில் உள்ள ஒரு லொறி சேர்விஸில் பொதிகளைப் பொறுப்பேற்று எந்த ஊருக்குப் போக வேண்டுமோ அந்த ஊரின் பெயரை அவற்றின் மேல் எழுதி ஏற்றிவிடுவது. படிப்பு சாதாரண தரப் பரீட்சை வரை. கணிதம் இரண்டாம் தடவையும் வரவில்லை. கணிதத்தைப் பற்றிக் கேட்கவில்லை என்று கான்ஸ்டபிள் சொன்னார். சொன்னதைச் சொன்னபடி எழுதுவதாக அவர்தான் ஆரம்பத்தில் சொன்னார் என்று நான் சொன்னேன். அதன் பின்னர் எழுதினார்.

நான் மேற்படி முகவரியில் மனைவி பியட்றிஸ், ஒரே மகள் றொசானா ஆகியோருடன் வசித்து வருகிறேன். மகளுக்கு இப்போது வயது பத்தொன்பது. அவளுக்குத் தசைகள் தளர்ந்துகொண்டு போகும் ஒரு நோய் உண்டு. உட்கார்ந்திருக்கும்போது மூச்சு ஒருவாறு போய் வரும். படுத்துத் தூங்கினால் மூச்சு குறைந்துகொண்டே போய்விடும். ஆகவே படுக்கும்போதெல்லாம் மூக்கில் ஒரு மாஸ்க்கைப் போட்டு, குழாய் வழியாகக் காற்றைத் தள்ளிக் கொடுக்கும் மெஷின் ஒன்றைப் பாவிக்க வேண்டும். ஒரு சப்பாத்துப் பெட்டியை விடச் சற்றுப் பெரியது. அது இல்லாமல் ஒரு குட்டித் தூக்கமும் தூங்கக் கூடாது என்பது வைத்தியரின் கட்டளை. வீட்டில் இரண்டாவது மெஷின் கிடையாது. மூன்று வருடத்துக்கு முன்பு நோய் தெரியவந்தபோது அவள் ஆஸ்பத்திரி வார்டில் நீண்ட காலம் இருந்தாள். அந்த மெஷின் கிடைத்த பிறகுதான் வீட்டுக்கு வந்தாள். இதை முதலில் சொல்வதற்குக் காரணம், பின்னால் நான் புத்தி இல்லாமல் செய்தவை எல்லாம் இந்த மெஷினை வைத்துத்தான் என்பதே. என் மூளையைப் பற்றியும் எழுதிக்கொள்ளலாம், ஆட்சேபணை இல்லை.

கண்டியில் பார்க்கும் வைத்தியர், திருச்சியில் இந்த நோயை மட்டுமே பார்க்கும் ஒரு வைத்தியரிடம் ஒருமுறை காட்டினால் நல்லது என்று சொன்னார். அதன் பின்னர் விமானத்தில் போவதற்கு நாங்கள் ஆயத்தமானோம். அதற்கு முன்பு நான் விமானத்தில் ஏறியதில்லை. அண்ணாந்து பார்த்திருக்கிறேன். மெஷினைக் கொண்டுபோக அனுமதி எடுக்க வேண்டும் என்று ஏஜென்சியில் சொன்னதால், விமானக் கம்பனியின் வாடிக்கையாளர் சேவை இலக்கத்துக்கு எடுத்தேன். தமிழுக்கு இரண்டை அழுத்தும்படி சொன்னது. அழுத்தினேன். அதன் பின்னர் பாட்டுப் போட்டார்கள். பாட்டைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் நல்ல இடம் வரும்போதெல்லாம் முதலில் இருந்து ஆரம்பித்தது. இந்த இலக்கமே எங்களைப் போன்றவர்களைக் களைக்க வைத்து அனுப்புவதற்காக வைத்திருப்பது என்று மனைவியிடம் சொன்னேன். அந்த வார்த்தையையும் இதன் மூலம் வாபஸ் பெறுகிறேன்.

பாட்டு நின்றதும் பேசியவர் நிலூஷா என்னும் உத்தியோகத்தர். அவர் மெஷினில் என்ன பெட்டரி என்று கேட்டார். பெரிய பெட்டரி என்றேன்.

“எவ்வளவு பெரிசு அங்கிள்?”

“லொறி பெட்டரிய விடச் சின்னது.”

நிலூஷா கேள்வியை மாற்றினார்.

“அங்கிள், பேசுறதுக்கு வீட்ல வேற யாராவது இருக்காங்களா?”

போனை மகளிடம் கொடுத்தேன். மகள் மெஷினைக் கவிழ்த்து அடியில் இருந்ததை வாசித்தாள். இருவரும் வெகு நேரம் பேசினார்கள், நடுவில் சிரித்தார்கள். என்னைப் பற்றித்தான் சிரித்திருப்பார்கள் என்று நம்புகிறேன். அதற்குப் பிறகும் பல தடவை எடுக்க வேண்டி வந்தது. ஒருமுறை வைத்தியரின் கடிதத்தில் திகதி விடுபட்டிருந்தது. ஒருமுறை பெட்டரியின் அளவு தெளிவாக விளங்கவில்லை. ஒவ்வொரு தடவையும் நிலூஷா கிடைக்காவிட்டாலும் கிடைத்தவர் பார்க்கும்படி அவர் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்ததால், மகளின் வரலாற்றை ஆதியாகமத்தில் இருந்து திரும்பச் சொல்ல வேண்டிய தேவை வரவில்லை. இறுதியில் அனுமதி கிடைத்தது. அன்று நிலூஷா என்னைப் போனுக்கு வரச் சொல்லிக் கூறியதாவது, மெஷின் எங்களோடு விமானத்துக்கு உள்ளே வரும், நிறையில் சேராது, அதைக் கீழே சாமான் ஏற்றும் இடத்துக்கு எந்தக் காரணம் கொண்டும் கொடுக்கக் கூடாது, பெட்டரியைக் கழற்றித் தனியாகக் கைப்பையில் வைத்திருக்க வேண்டும்.

“யாரு கேட்டாலும் இது மருத்துவ உபகரணம்னு முதல்லயே சொல்லிருங்க அங்கிள். ஒளிக்காதீங்க.”

“இதுல ஒளிக்கிறதுக்கு என்னம்மா இருக்கு” என்று நான் பதில் சொன்னேன். இதை அடிக்கோடிட முடியுமானால் அடிக்கோடிடவும்.

போகும்போது ஒரு குறையும் இல்லை. கட்டுநாயக்க விமான நிலையத்தில் மெஷின் பையின் பிடியில் மஞ்சள் அட்டை ஒன்றைக் கட்டிவிட்டார்கள். அதில் மருத்துவ உபகரணம் என்றும் கம்பனியின் இலக்கமும் இருந்தன. மகளைச் சக்கரக் கதிரையில் வைத்து, எல்லோருக்கும் முன்பாக ஏற்றினார்கள். பிறந்ததில் இருந்து எந்த வரிசையிலும் நான் முன்னால் போனதில்லை. வரிசையில் நின்றவர்களுக்குத் தலையை ஆட்டிக்கொண்டே போனேன். மகள், “அப்பா, அவங்க உங்களுக்கு ஓட்டுப் போடப் போறதில்ல, பேசாம வாங்க” என்றாள்.

திருச்சி வைத்தியர் மகளை நன்றாகப் பரிசோதித்தார். மெஷினின் காற்றளவை மாற்றினார். அதன் பின்னர் ஒரு வாரமாக மகள் காலையில் தலையிடி இல்லாமல் எழும்பினாள். வைத்தியர் கடைசி நாளில், இந்த மெஷின் பக்கத்தில் இருக்குமானால் இவள் வீட்டில் முடங்கிக் கிடக்க வேண்டியதில்லை, வெளியூரில் தங்கியும் படிக்கலாம் என்று சொன்னார்.  அறைக்குத் திரும்பிய பின் மகள் மெஷினின் குழாயை இரண்டு தரம் துடைத்தாள். எனக்குச் சந்தோஷம் அதிகமாகி, புத்தியும் கூடவே அதிகமாகிவிட்டது.

திரும்பி வரும் நாளுக்கு முந்திய நாள் மெஷின் பையின் சிப் பிய்ந்துபோனது. புதிய பை வாங்கலாம் என்று மனைவி சொன்னாள். தேவையில்லை என்று சொல்லி, மனைவிக்கு நாங்கள் வாங்கியிருந்த மிக்ஸியை அதன் பெட்டியில் இருந்து எடுத்து உடுப்புகளுக்கு நடுவில் சுற்றி சூட்கேஸில் வைத்தேன். மெஷினை மஞ்சள் அட்டையோடு அந்த மிக்ஸிப் பெட்டியில் வைத்து, சுற்றிவரப் பழுப்பு டேப் ஒட்டினேன். விலை கூடிய மெஷின் என்று தெரிந்தால் யாராவது கண் வைப்பார்கள், மிக்ஸியை யார் எடுக்கப்போகிறார்கள் என்பது என் எண்ணம். அதன் பின்னர், முப்பது வருடத் தொழில் பழக்கத்தில், மார்க்கர் பேனாவை எடுத்துப் பெட்டியின் மேல் ஆங்கிலத்தில் பெரிய எழுத்துக்களில் கண்டி என்று எழுதினேன். எங்கள் தொழிலில் பொதிக்கு ஆள் பெயர் எழுதுவதில்லை. ஊரை எழுதினால் பொதி ஊருக்குப் போய்ச் சேரும், ஆள் வந்து எடுப்பார். பிலிமத்தலாவையில் இந்த முறை தவறியதே இல்லை.

திருச்சி விமான நிலையத்தில் மகளைச் சக்கரக் கதிரையில் முன்னுக்கு அழைத்துக்கொண்டு போனார்கள், மனைவியும் கூடப் போனாள். நான் பெட்டியோடு கவுண்டரில் நின்றேன். அங்கிருந்த இளைஞர் என்ன இது சார் என்று கேட்டார். நான் மிக்ஸி என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று கான்ஸ்டபிள் இப்போது கேட்கிறார். எனக்கும் தெரியவில்லை. பெட்டியில் மிக்ஸிப் படம் இருந்தது, வாயும் அதையே சொல்லிவிட்டது.

“மிக்ஸி கேபின்ல போகாது சார், உள்ள பிளேடு இருக்கும். லக்கேஜ்ல போடுங்க.”

அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சற்று முன் சொன்னது பொய் என்றாகிவிடும், டேப்பையும் வெட்ட வேண்டும், பின்னால் பெரிய வரிசை நின்றது, அத்தனை பேருக்கும் முன்னால் மிக்ஸி மூச்சு மெஷினாக மாறினால் என்னைத் தனியாக அறைக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள் என்றும் பயந்தேன். பெட்டி பெல்ட்டில் ஏறி, றப்பர்த் திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

விமானத்தில் மகள் மெஷின் எங்கே என்று கேட்டாள். கீழே வருகிறது என்றேன். கைப்பையில் இருந்த பெட்டரியை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.  இலங்கை வரும்வரை பெட்டரியை நான் பிடித்துக்கொண்டே வந்தேன்.

கட்டுநாயக்கவில் பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்றபோது, வெள்ளைத் தொப்பி அணிந்த ஒருவர் எனக்குப் பக்கத்தில் நின்றார். முதலாவதாகவே கண்டி என்று எழுதிய மிக்ஸிப் பெட்டி வந்தது. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தில் அதைப் பிடிக்கப் போய்த் தடுமாறினேன். அவர் கை கொடுத்துத் தூக்கி என் ட்ரொலியில் வைத்தார்.

“நீங்களும் கண்டியா?” என்று கேட்டார்.

“மஹய்யாவ. நீங்க?”

“திகன. எங்கட பெட்டியும் இப்படித்தான், இனி வரும்.”

நான் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். இந்த இடத்தைக் கவனமாக எழுதும்படி கான்ஸ்டபிளைக் கேட்டுக்கொண்டேன். அவர் தூக்கி என் ட்ரொலியில் வைத்தது அவருடைய சொந்த மிக்ஸியை. அது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். மகள் களைத்துப்போய், கொஞ்சம் சாய வேண்டும் என்று சொன்னாள். நான் பெட்டியைத் திறந்தேன். உள்ளே மிக்ஸி இருந்தது. பச்சை நிற மிக்ஸி, ஜார் மூன்று, மூடி மூன்று. என் மனைவி, “நம்ம மிக்ஸி சூட்கேஸ்லல்ல இருக்கு” என்று சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.  மகள்தான் பேசினாள்.

“நான் படுக்கல அப்பா. கதிரையில உக்காந்திருக்கேன். அம்மா, என்ன தூங்க விடாதீங்க, ஏதாவது பேசிக்கிட்டே இருங்க. அப்பாவத் திட்டுங்க, அதுக்கு நேரம் பத்தாது.”

ஞாயிறு என்பதால் மெஷின் வாடகைக்குக் கொடுக்கும் இடம் மூடியிருந்தது. இருட்டுவதற்கு முன் மெஷின் வராவிட்டால் மகளை ஆஸ்பத்திரி வார்டுக்குக் கொண்டுபோவது என்று முடிவெடுத்தோம். வார்டு என்ற சொல்லைக் கேட்டதும் மகள் அலுமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பு அங்கே கொண்டுபோன பை அதன் மேல்தான் இருக்கிறது.

அதன் பின்னர் நான் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்து முதலாவது முறைப்பாட்டைச் செய்தேன். அதில் என் மகளின் மெஷின் திட்டமிட்டுக் களவெடுக்கப்பட்டுள்ளதாகவும், பெல்ட்டுக்குப் பக்கத்தில் வெள்ளைத் தொப்பி அணிந்த, திகனயைச் சேர்ந்த ஒருவர் என்னோடு பேச்சுக் கொடுத்து, பெட்டியை மாற்றி என் ட்ரொலியில் வைத்ததாகவும், அவர்மேல் எனக்குச் சந்தேகம் உண்டு எனவும் கூறினேன். அவருடைய பெயர் தெரியாததால் தொப்பியைச் சொன்னேன். அப்போது எனக்கு அது உண்மை போலவே இருந்தது. மிக்ஸி சான்றுப் பொருளாகப் பொறுப்பேற்கப்பட்டது. சார்ஜன்ட் திகனப் பக்கத்துக்குத் தகவல் கொடுத்தார்.

நான் வீட்டுக்குத் திரும்பியபோது மகள் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி போனில் பேசிக்கொண்டிருந்தாள். மறுபக்கத்தில் நிலூஷா. நான் பொலிஸுக்குப் போன நேரத்தில் அவள் இரண்டை அழுத்தி, பாட்டைக் கேட்டு, அவரைப் பிடித்திருக்கிறாள். நான் போனை வாங்கிச் சத்தமாகப் பேசினேன். கம்பனி என்ன செய்கிறது, பிள்ளையின் உயிருக்கு யார் பதில் சொல்வது என்ற மாதிரி. நிலூஷா நான் முடிக்கும்வரை காத்திருந்தார்.

“அங்கிள், நீங்க கத்துறது சரி. நானா இருந்தாலும் கத்துவேன். இப்ப ஒண்ணு சொல்லுங்க. உங்க போடிங் பாஸ்ல ஒட்டியிருக்கிற டேக் நம்பரும், பெட்டியில ஒட்டியிருக்கிற டேக் நம்பரும் ஒண்ணா?”

நான் பார்க்கவில்லை என்றேன். பெட்டி எங்கே என்றார். பொலிஸில் என்றேன்.

“பொலிஸ்லயா? எதுக்கு அங்கிள்?”

மகள் என்னைப் பார்த்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். தொப்பி என்று சொன்ன இடத்தில் மகள், “அப்பா!” என்று கூப்பிட்டாள். மூச்சு குறைவாக இருந்ததால் அந்த ஒரு சொல்லோடு நிறுத்திவிட்டாள். மிச்சத்தை நானே விளங்கிக்கொண்டேன்.

நான் மறுபடியும் இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு ஓடி வந்தேன். சார்ஜன்ட் பெட்டியைத் திருப்பினார். பக்கத்தில் ஒட்டியிருந்த டேக்கில் முகம்மது பாயிஸ் என்ற பெயர் இருந்தது. என் கையில் இருந்த துண்டில் வேறு இலக்கம். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அப்படியானால் அடுத்தவரின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விமான நிலையத்தை விட்டு வெளியேறிய ஆளைத்தானே நான் பிடிக்க வேண்டும் என்று சார்ஜன்ட் சிங்களத்தில் கேட்டார். அந்த ஆள் நான்தான் சேர் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்து முடிந்ததும் முகம் மாறி, திகனக்கு ஜீப் போய்விட்டதே என்றார்.

அந்த நேரத்தில் நிலூஷாவிடம் இருந்து எனக்கு அழைப்பு வந்தது. திகனயில் இருந்து இல்மா என்ற பெண் ஒருவர் கம்பனிக்குப் பேசியிருக்கிறார், அவருடைய தகப்பன் கொண்டுவந்த மிக்ஸிப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே மாஸ்க்கும் குழாயும் உள்ள மெஷின் இருந்ததாகவும், மஞ்சள் அட்டையில் இருந்த இலக்கத்தைப் பார்த்து எடுத்ததாகவும் சொல்லியிருக்கிறார் என்று நிலூஷா சொன்னார். ஒரு பயணியின் இலக்கத்தை இன்னொரு பயணிக்குக் கொடுக்கக் கம்பனியில் அனுமதி இல்லை. ஆகவே அவர் நம்பரைக் கொடுக்காமல், இரண்டு பேரையும் ஒரே லைனில் போட்டுவிட்டு நடுவில் இருந்தார். இல்மாவின் முதல் கேள்வி மெஷின் யாருடையது என்பதல்ல.

“தங்கச்சி இப்ப எப்படி ஈக்கா?”

உட்கார்ந்திருக்கிறாள் என்றேன்.  நிலூஷாதான் எனக்குப் பதிலாகப் பேசி, வீட்டின் இடத்தைக் கேட்டு எனக்குச் சொன்னார். அவருடைய டியூட்டி எப்போதோ முடிந்துவிட்டதாம். லைனை வெட்டினால் எனக்கு மறுபடியும் இரண்டை அழுத்தச் சொல்லும் என்பதால் வெட்டவில்லை என்றார்.

அதன் பின்னர் த்ரீவீல் பிடித்துத் திகனக்குப் போனேன். தென்னக்கும்புரப் பாலத்தில் வாகன நெரிசல். நான் இறங்கி நடக்கவா என்று டிரைவரிடம் கேட்டேன். திகன வரைக்குமா என்று அவர் கேட்டார். மறுபடியும் ஏறி உட்கார்ந்தேன்.

திரு. பாயிஸின் வீடு அவருடைய துணிக்கடைக்குப் பின்னால் இருக்கிறது. நான் போகும்போது கடைக்கு முன்னால் பொலிஸ் ஜீப் நின்றது. அன்று விமானத்தில் வந்தவர் யார் என்று ஊரில் விசாரித்து வந்திருந்தார்கள். பக்கத்தில் இருந்த கடைகள் இரண்டில் ஜீப்பைக் கண்டு ஷட்டர் பாதிக்கு இறக்கப்பட்டிருந்தது. உள்ளே லைட் எரிந்தது. திரு. பாயிஸ் வாசலில், வெறும் தலையோடு, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி நின்றார். தொப்பி சட்டைப் பையில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. என்னைக் கண்டதும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

“மஹய்யாவ பெட்டிதானே?” என்றார்.

நான் ஜீப்பில் வந்த உத்தியோகத்தர்களிடம், தவறு என்னுடையது, இவர் களவெடுக்கவில்லை, நான்தான் இவருடைய பெட்டியைக் கொண்டுபோனேன் என்று எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் பாவித்துச் சொன்னேன். அவர்களும் கண்டிக்குப் போன் எடுத்துக் கேட்டுவிட்டுப் போனார்கள். ஜீப் திருப்பத்தைத் தாண்டிய பின் ஷட்டர்கள் உயர்ந்தன. அதன் பின்னர் நான் திரு. பாயிஸிடம், “உங்க பேரச் சொல்லலங்க. எனக்குப் பேர் தெரியாது. தொப்பியத்தான் சொன்னேன்” என்றேன். இதைச் சொன்னால் சமாதானமாக இருக்கும் என்று நினைத்தேன்.

“அந்த பிளைட்ல தொப்பி போட்டவங்க எத்தன பேர் வந்தம் தெரியுமா? நல்ல காலம், நான் திகனன்டு சொன்னன். இல்லாட்டி எல்லாரையும்ல தேடி இருப்பாங்க.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை. அவர் என் தோளைத் தட்டி, “உள்ள வாங்க, மெஷின் ஈக்கி. புள்ள தொட விடல்ல ஒருத்தரையும்” என்றார்.

மெஷின் மேசையின் நடுவில் வைக்கப்பட்டு, சுத்தமான வெள்ளைத் துணியால் மூடப்பட்டிருந்தது. மாஸ்க் தனியாக ஒரு புதிய பொலித்தீன் பையில். இல்மா கைகளைக் கழுவிக்கொண்டு வந்துதான் அதைத் தூக்கித் தந்தார். தகப்பன் பெட்டியைத் திறந்ததும் மிக்ஸிக்கு இதென்ன குழாய் என்று இழுத்துப் பார்த்ததாகவும், இல்மா, “வாப்பா, கை வெக்காதீங்க, இது ஆருக்கோ மூச்சு எடுக்கிறது” என்று தடுத்ததாகவும் பின்னர் அறிந்தேன். எனக்குத் தேநீர் கொடுத்தார்கள். நின்றபடி குடித்தேன், நாக்குச் சுட்டது. மெஷினைப் போடுவதற்குத் திரு. பாயிஸ் கடையில் இருந்து புதிய பை ஒன்றைக் கொண்டுவந்து, நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் மஞ்சள் அட்டையைத் தன் கையாலேயே அதன் பிடியில் கட்டினார். தன் மிக்ஸி எங்கே என்று அவர் கேட்கவே இல்லை. நான் த்ரீவீலில் ஏறிய பிறகு இல்மாதான் தயங்கித் தயங்கிக் கேட்டார். பொலிஸில் இருக்கிறது என்றேன். தகப்பனும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, அந்த ஒரு நேரத்தில் மட்டும், என்னைப் பார்த்து நன்றாகச் சிரித்தார்கள்.

நான் வீட்டுக்கு வந்தபோது வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்தது. மகள் கதிரையில்தான் இருந்தாள், உதடு வெளிறியிருந்தது. அலுமாரிக்கு மேல் இருந்த பை கீழே இறக்கப்பட்டு, பாதி அடுக்கப்பட்டு வாசலில் இருந்தது. மனைவி அவளோடு பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போய், சொல்ல ஒன்றும் இல்லாமல் எங்கள் கல்யாணத்தன்று யார் யார் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பெட்டரியைப் போட்டு, மாஸ்க்கை மாட்டி, பொத்தானை அழுத்தினேன். மெஷின் சத்தம் போட்டது. மகள் படுத்தாள். மாஸ்க்குக்கு உள்ளே இருந்து ஏதோ சொன்னாள். குனிந்து கேட்டேன்.

“மிக்ஸி வேல செய்யுது.”

அதன் பின்னர் தூங்கிவிட்டாள். நிலூஷாவுக்குச் சொல்ல வேண்டும் என்று நான் இரண்டை அழுத்தினேன். அவர் வீட்டுக்குப் போய்விட்டதாக வேறொருவர் சொன்னார். ஆனால் மஹய்யாவையில் இருந்து ஒரு அங்கிள் எடுத்தால் கேட்டு எழுதி வைக்கும்படி சொல்லிவிட்டுப் போயிருந்தாராம். பிள்ளை தூங்குகிறாள் என்று எழுதச் சொன்னேன்.

இன்று திங்கட்கிழமை. வேலைக்கு லீவு போட்டுவிட்டு இந்த வாக்குமூலத்தைக் கொடுப்பதற்காக வந்துள்ளேன். திரு. பாயிஸும் என்னோடு வந்து வெளியே வாங்கில் உட்கார்ந்திருக்கிறார். தொப்பி அணிந்திருக்கிறார். முதலாவது முறைப்பாட்டில் தொப்பியைப் பற்றியும் சந்தேகத்தைப் பற்றியும் நான் கூறிய வரிகளை அழித்துவிடும்படி கேட்டேன். புத்தகத்தில் எழுதியதை அழிக்க முடியாது, மேலதிக வாக்குமூலம் கொடுக்கலாம் என்று சார்ஜன்ட் விளக்கினார். அப்படியானால் இதை நீளமாக எழுதும்படி நான் கேட்டுக்கொண்டேன். அந்த முறைப்பாடு அரைப் பக்கம்தான் இருக்கிறது. நாளைக்கு யாராவது புத்தகத்தைப் புரட்டி அந்த அரைப் பக்கத்தை வாசித்தால், அடுத்து இது கண்ணில் படாமல் போகக் கூடாது. கை வலிக்கிறது என்று கான்ஸ்டபிள் சொன்னார். அதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அதையும் எழுதினார்.

திரு. பாயிஸ் எனக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை. கட்டுநாயக்கவில் எனக்குக் கை கொடுத்தார், திகனயில் என் பிள்ளையின் மெஷினைப் பத்திரமாகத் திருப்பித் தந்தார். அவருடைய மகள் இல்மா பெட்டியைத் திறந்தவுடன் யோசித்த விஷயம், நான் அதை மூடும்போது யோசித்திருக்க வேண்டியது. விமானக் கம்பனி மீதும் எனக்கு முறைப்பாடு எதுவும் இல்லை. அவர்கள் சொன்னபடி நான் செய்திருந்தால் இந்தப் பக்கங்களுக்கே வேலை இருந்திருக்காது. பாட்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லலாம், ஆனால் அதுவும் வேண்டாம். இனி அந்தப் பாட்டு எங்கே கேட்டாலும் நான் எழும்பி நிற்பேன்.

பொறுப்பேற்கப்பட்ட பச்சை நிற மிக்ஸி, ஜார் மூன்று, மூடி மூன்று ஆகியவற்றை அதன் சொந்தக்காரரான திரு. பாயிஸிடம் இன்றே ஒப்படைக்கும்படி வேண்டிக்கொள்கிறேன். அதை என் வீட்டில் யாரும் பாவிக்கவில்லை. பெட்டியின் மேல் கண்டி என்று இருக்கும் எழுத்து அவருடையது. அவரும் என்னைப் போல ஊரைத்தான் எழுதியிருக்கிறார். ஏன் என்று கேட்டேன், துணிப் பொதி அனுப்பிய பழக்கம் என்றார். எந்த லொறி சேர்விஸ் என்றேன். பிலிமத்தலாவை என்றார். அவருடைய பொதிகளை இத்தனை வருடமாக நான்தான் ஏற்றியிருக்கிறேன். ஒன்றிலும் ஆள் பெயர் இருந்ததில்லை.

இது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. இதில் உள்ளவை நடந்தபடியே உள்ளன, என்னைப் பற்றி உள்ளவையும் அப்படியே. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், மகள் நேற்று நன்றாகத் தூங்கி எழும்பிய நிலையில், தெளிந்த மனதோடு சொல்லி, ஊரை எழுதாமல் பெயரை எழுதுகிறேன்.

(ஒப்பம்) ச. வின்சன்ட்

என் முன்னிலையில் கூறப்பட்டு, என்னால் எழுதி, வாசித்துக் காட்டி ஒப்பம் பெறப்பட்டது. மிக்ஸி சொந்தக்காரரிடம் ஒப்படைக்கப்பட்டது.

(ஒப்பம்) சுபாஜினி, பெண் பொலிஸ் கான்ஸ்டபிள்